குளிர்காலத்தில் தெற்கு நோக்கி: மோட்டார் ஹோமில் ஒரு குடும்பப் பயணம்

ஜெர்மனியில் பிள்ளை பள்ளியில் சேர்ந்துவிட்டால், பெற்றோர் நினைத்த நேரத்தில் ஊர் சுற்ற முடியாது. விடுமுறைக்கு வெளியே பள்ளிக்கு அனுப்பாமல் அழைத்துச் சென்றால் அபராதம் கட்ட நேரிடும். எங்கள் மூத்த மகள் அடுத்த செப்டம்பரில் பள்ளியில் சேரவிருந்தாள். இளையவனுக்காக எங்கள் இருவருக்கும் கிடைத்திருந்த பெற்றோர் விடுப்பில் இன்னும் மீதம் இருந்தது. இந்த வாய்ப்பு இனி அமையாது என்று தோன்றவே, மாலை நான்கரை மணிக்கே இருட்டிவிடும் ஸ்டுட்கார்ட்டின் டிசம்பரை விட்டுத் தெற்கே இறங்குவது என்று நானும் கணவரும் முடிவு செய்தோம்.

எங்கள் மோட்டார் ஹோம், அதாவது படுக்கையும் சமையலறையும் கொண்ட வண்டி, பழையது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரண் போல நீண்டிருக்கும் படுக்கையில் நாங்கள் இருவரும், பின்புறத்து அடுக்குப் படுக்கையில் பிள்ளைகளும் படுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு மேசை, எரிவாயு அடுப்பு, ஓர் ஆள் நின்றால் இன்னோர் ஆள் நுழைய முடியாத குளியலறை. வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ. நூறு லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே நூறு கிலோ போய்விடும். ஆகவே ஒவ்வொரு பாத்திரத்தையும் எடைபோட்டுத்தான் ஏற்றினோம் என்றால் அது மிகையல்ல.

தெற்கு ஐரோப்பா என்றதும் வெயிலும் கடற்கரையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஜனவரியில் அந்த எண்ணத்தோடு போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். கடற்கரை விடுதிகள் பல கதவடைத்திருக்கும். இரவில் உள்நாட்டு ஊர்களில் உறைபனி விழும். ஆனால் அந்த மாதங்களில்தான் தெற்கின் வயல்களும் தோப்புகளும் ஆலைகளும் மும்முரமாக இயங்குகின்றன. கோடையில் அதே ஊர்களுக்கு விமானத்தில் போய் வந்த எங்களுக்கு, இந்தப் பக்கம் அதுவரை கண்ணில் பட்டதே இல்லை.

முதல் சில நாட்கள் குளிரைச் சமாளிப்பதிலேயே கழிந்தன. பிரான்சின் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கியது. வண்டியின் வெந்நீர்க் கலனில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. சுற்றுப்புற வெப்பநிலை ஏறத்தாழ 3 டிகிரிக்குக் குறைந்தால், தண்ணீர் உறைந்து கலன் வெடித்துவிடாமலிருக்க அது தானாகவே திறந்து, கலனில் உள்ள நீரையெல்லாம் தரையில் கொட்டிவிடும். ஆகவே இரவு முழுவதும் ஹீட்டர் எரிய வேண்டும். ஹீட்டருக்கு எரிவாயு வேண்டும். 11 கிலோ சிலிண்டர் ஒன்று கடுங்குளிரில் மூன்று நான்கு நாட்களில் தீர்ந்துவிடும். சிலிண்டரில் இருப்பது புரோப்பேனா பியூட்டேனா என்பதும் முக்கியம். பியூட்டேன் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரிலேயே ஆவியாக மறுத்துவிடும்; புரோப்பேனோ மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். ஸ்பெயினில் வீட்டுக்கு வீடு பயன்படும் ஆரஞ்சு நிறச் சிலிண்டரில் இருப்பது பியூட்டேன். ஜெர்மன் சிலிண்டரை அங்கே மாற்றிக்கொள்ளவும் முடியாது. நாங்கள் மீண்டும் நிரப்பக்கூடிய கலன் ஒன்றை வாங்கி, கார்களுக்கு எரிவாயு விற்கும் நிலையங்களில் நிரப்பிக்கொண்டோம். அதற்கும் ஜெர்மனிக்கு ஒரு முனை, பிரான்சுக்கு ஒரு முனை, ஸ்பெயினுக்கு இன்னொரு முனை. ஒரே நாணயத்தைப் புழங்கும் நாடுகளால் ஒரு குழாய் முனையில் ஒத்துப்போக முடியவில்லை!

நார்போன் நகரைத் தாண்டியதும் டிரமொன்டான் என்னும் வடமேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. மூன்று மீட்டர் உயர வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் காற்று அது. லுகாட் அருகே ஒதுங்கி, காற்று தணிந்த பிறகே ஸ்பெயின் எல்லையைக் கடந்தோம்.

ஸ்பெயினின் கிழக்குக் கரையில் எப்ரோ ஆற்றின் கழிமுகத்தில் வண்டியை நிறுத்தியபோது, எங்களைச் சுற்றிலும் நீர் நிறைந்த வயல்கள், இடையே வரப்புகள், வாய்க்கால்கள். செப்டம்பரில் நெல் அறுவடை முடிந்ததும் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) பூட்டிய டிராக்டர்களால் தாளைச் சேற்றில் மிதித்து அழுத்திவிடுகிறார்கள். அதன் பிறகு குளிர்காலத்திலும் பல வயல்களில் பறவைகளுக்காகத் தண்ணீரைத் தேக்கி வைக்கிறார்கள். பூநாரைகளும் கொக்குகளும் அந்தச் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தன. காவிரிக் கழிமுகத்துப் பிள்ளையான கணவர் வரப்பில் இறங்கி நடந்தவர், வெகுநேரம் கழித்தே திரும்பினார். அவர் கவனித்த சிக்கலும் நமக்குப் பழக்கமானதுதான். மேலே மெக்கினென்சா, ரிபா-ரோகா அணைகளில் வண்டல் தங்கிவிடுவதால் கழிமுகத்துக்கு மண் வருவதில்லை. கடல் கரையை அரிக்கிறது. 2020 ஜனவரியில் குளோரியா புயலின்போது ஏறத்தாழ 3,000 ஹெக்டேர் நெல்வயல்களில் கடல்நீர் புகுந்தது.

வண்டி வாழ்க்கையில் எனக்குப் பெரும் தொல்லையாக இருந்தது குளிரன்று, ஈரம். நான்கு பேர் இரவெல்லாம் விடும் மூச்சு காலையில் கண்ணாடியிலும் மெத்தையின் அடியிலும் நீராகப் படிந்திருக்கும். தினமும் காலையில் மெத்தையைத் தூக்கி நிறுத்தி, கண்ணாடிகளைத் துடைத்து, குளிரானாலும் கதவைப் பத்து நிமிடம் திறந்து வைக்க வேண்டும். கூரையிலுள்ள சூரிய மின்தகடும் அரைகுறைதான். டிசம்பர் நண்பகலில் ஸ்பெயினின் தென்பகுதியான அண்டலூசியாவிலேயே சூரியன் ஏறத்தாழ 30 டிகிரி உயரம்வரைதான் எழுகிறது. படுக்கையாகப் பொருத்திய தகட்டில் ஒளி சாய்வாகத்தான் விழும். ஸ்பெயினின் கடிகாரம் மத்திய ஐரோப்பிய நேரத்தில் ஓடுவதால், ஜனவரியில் காலை எட்டேகால் மணிவரை சூரியன் உதிக்காது. ஆறரைக்கே எழுந்துவிடும் மகனை இருட்டில் சமாளிப்பது தனிக்கலை.

தென்கிழக்கு ஸ்பெயினின் அல்மேரியாவைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. எல் எகிடோ முதல் நிஹார் வரை 30,000 ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தை வெள்ளை பிளாஸ்டிக் கூரைகள் மூடியிருக்கின்றன. ஸ்டுட்கார்ட்டில் ஜனவரியில் நாங்கள் வாங்கும் தக்காளியும் குடைமிளகாயும் பெரும்பாலும் இந்தக் கூரைகளுக்கு அடியிலிருந்து வருபவை. நிஹார் பக்கம் பழைய பிளாஸ்டிக்கையும் பலகைகளையும் கொண்டு கட்டிய குடிசைகளில், பறிப்பு வேலைக்கு வந்த மொராக்கோ, மேற்கு ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் வாழ்கிறார்கள். சாலையோரத்தில் சைக்கிள்களில் வரிசையாகப் போன அவர்களைப் பார்த்த பின், மலிவு விலைக் காய்கறி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அங்கிருந்து மேற்கே அல்முன்யேகர் பக்கம் வந்ததும் காட்சி மாறிவிடுகிறது. வடக்கே 3,400 மீட்டருக்கும் உயர்ந்த பனிமலையான சியரா நெவாடா குளிர்காற்றைத் தடுப்பதால், கடலோரச் சரிவுகளில் மாவும் அவகாடோவும் சிரிமோயாவும் காய்க்கின்றன. சிரிமோயா நம் சீத்தாப்பழத்தின் நெருங்கிய உறவு. ஆண்டீஸ் மலையிலிருந்து வந்த மரம். இங்கே அதற்குரிய பூச்சிகள் போதாததால், கோடையில் பூக்களுக்குத் தூரிகையால் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள் என்று பழக்கடைப் பெண்மணி சைகையோடு விளக்கினார். மோட்ரில் சமவெளியில் நூற்றாண்டுகளாகக் கரும்பும் விளைந்தது. கடைசிச் சர்க்கரை ஆலை 2006இல் நின்றது.

பயணத்தின் உச்சம் என்று நான் நினைப்பது ஹயென் மாகாணம். ஸ்பெயின் உலகின் மிகப் பெரிய ஆலிவ் எண்ணெய் உற்பத்தியாளர். இந்த ஒரு மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கும் அதிகமான ஆலிவ் மரங்கள் இருக்கின்றன. கிரனடாவிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையின் இருபுறமும் மரம், மரத்துக்குப் பின் மரம், குன்றின் முகடுவரை மரம். பைசா நகருக்குக் கீழே ஒரு தோப்பின் ஓரத்தில் நின்றோம். காலைப்பனி உலரும்வரை தொழிலாளர்கள் நெருப்பு மூட்டிக் காத்திருந்தார்கள். பிறகு மரத்தடியில் பெரிய வலைகளை விரித்தார்கள். ஒருவர் இயந்திரக் கையால் அடிமரத்தைப் பற்றிச் சில நொடிகள் உலுக்கினார். மற்றவர்கள் நீளக் கழிகளால் கிளைகளை அடிக்க, பச்சையும் ஊதாவும் கறுப்புமாகக் காய்கள் ஆலங்கட்டி மழை போலக் கொட்டின.

“அம்மா, மரத்துக்கு வலிக்காதா?” என்றாள் மகள்.

கணவர் தனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் இதைக் கழி வைத்திருந்த முதியவரிடம் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே கழியை அவளிடம் கொடுத்து, கிளைக்குக் குறுக்கே அடிக்காமல் வெளிப்பக்கமாகச் சாய்த்துத் தட்டும்படி காட்டினார். குறுக்கே அடித்தால் அடுத்த ஆண்டு காய்க்க வேண்டிய இளங்கொம்பு ஒடிந்துவிடுமாம்.

மாலையில் ஊர்க் கூட்டுறவு ஆலையின் வாசலில் டிராக்டர்கள் இழுவைப் பெட்டிகளோடு வரிசை கட்டி நின்றன. எடைபோட்டு, இலைகளை ஊதிப் பிரித்து, கழுவி, அரைத்து, கூழைப் பிசைந்து, சுழற்றி எண்ணெயைப் பிரிக்கிறார்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ ஐந்து கிலோ காய் வேண்டும். அங்கே பெரும்பாலும் பயிராவது பிக்குவால் வகை. புதிதாக வடிந்த எண்ணெய் பசும்புல் வாசத்தோடு, நாக்கில் கசந்து, தொண்டையில் காரமாக இறங்கியது. சூப்பர்மார்க்கெட் எண்ணெயின் மீது எனக்கிருந்த மரியாதை அன்றோடு போயிற்று. எடைக் கணக்கையெல்லாம் மறந்து ஐந்து லிட்டர் கேன்கள் சிலவற்றை ஏற்றிக்கொண்டோம். ஈடாக நன்னீர்த் தொட்டியைப் பாதிதான் நிரப்பினோம்.

செவில்லைச் சீக்கிரம் கடந்து, குவாடியானா ஆற்றுப் பாலத்தின் வழியாகப் போர்ச்சுகலின் தென்கோடியான அல்கார்வெக்குள் நுழைந்தோம். அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. மோட்டார் ஹோமில் இரவு தங்குவதற்கு அங்குள்ள விதி தெளிவானது: 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி ஒரு நகராட்சி எல்லைக்குள் 48 மணி நேரம்வரை தங்கலாம், கடலோரப் பகுதியிலும் பாதுகாக்கப்பட்ட பகுதியிலும் அனுமதிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே தங்க வேண்டும். ஆகவே கடலோரத்தில் கட்டண நிறுத்துமிடங்களையே பயன்படுத்தினோம். வடக்கு ஐரோப்பிய ஓய்வூதியர்கள் மாதக்கணக்கில் குளிர்காலத்தைக் கழிக்கும் இடங்கள் அவை. சிறு பிள்ளைகளோடு வந்தவர்கள் பெரும்பாலும் நாங்கள் மட்டுமே என்பதால், மகளுக்கும் மகனுக்கும் தாத்தா பாட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஜனவரி முடிவில் அல்கார்வெயின் உட்பகுதியில் பாதாம் பூத்தது. படம் எடுக்க வருகிறவர்கள் பலர். காய் பறிக்கிறவர்கள் சிலரே. பாதாமும் அத்தியும், இனிப்பு நெற்றுகள் காய்க்கும் காரோப் மரமும் கலந்து நின்ற பழைய மானாவாரித் தோப்புகளில் பல, சுற்றுலா வேலை ஆட்களை இழுத்துக்கொண்டதால் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. வடக்கே அலென்டெஜோவில் பேஜா நகரை நெருங்கியபோதுதான் போர்ச்சுகலின் பாதாம் எங்கே போயிற்று என்று புரிந்தது. 2002இல் நீர் தேக்கத் தொடங்கிய அல்கெவா அணையின் பாசனத்தில், ஒரே உயரத்தில், நேர்க்கோடுகளாக நட்ட புதிய பாதாம் தோட்டங்கள் அங்கே கிலோமீட்டர் கணக்கில் நீள்கின்றன. பறிப்பதும் அங்கே இயந்திரம்தான். நாங்கள் பேஜாவில் எரிவாயு நிரப்பிக்கொண்டு வடக்கே திரும்பினோம்.