கல்வீடும் புற்றுமண்ணும்

எங்கள் ஊரில் கல்வீடு என்றால் சீமெந்துக் கல்லில் கட்டிய வீடு. முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிற எங்கள் ஒட்டுசுட்டானில் ஒருவர் கல்வீட்டுக்குப் போய்விட்டார் என்றால், மண்வீட்டுக் காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பிரான்சில் அக்கா வீட்டைப் பார்க்கும்வரை.

அக்காவும் அத்தானும் பாரிசில் இருபது வருடம் இருந்துவிட்டு, நாட்டின் நடுவே குரூஸ் மாவட்டத்தில் பழைய கமவீடு ஒன்றை வாங்கினார்கள். 2018 ஆடியில் போனேன். சுற்றிவர மேய்ச்சல் தரை, செம்பழுப்பு நிற லிமூசின் மாடுகள். ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் மாட்டுத் தொழுவம், தொழுவத்துக்கு மேலே காய்ந்த புல் அடுக்கும் பரண். கருங்கல் சுவரின் கனத்தை வாசலில் கையால் அளந்தேன், ஒன்றரை முழம். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே கால் வைத்ததும் உடம்பு குளிர்ந்தது.

இரண்டாம் நாள் அத்தான் உளியும் சுத்தியலும் தந்தார். முன்பு இருந்தவர்கள் கல் இடுக்குகளில் பூசிய சீமெந்தைக் கொத்தி எடுக்க வேண்டும். ஒரு துண்டு பெயர்ந்ததும் உள்ளிருந்து மஞ்சள் மண் உதிர்ந்தது.

"அத்தான், இது மண்!"

"மண்தான். உள்ளுக்கும் வெளியிலயும் பெரிய கல், நடுவில சின்னக் கல்லும் மண்ணும். இடைக்கிடை நீளக் கல் ஒண்டு குறுக்கால போய் ரெண்டு பக்கத்தையும் பிடிக்கும்."

நிலத்து ஈரம் இந்தச் சுவரில் ஏறத்தான் செய்யும். மண்ணும் சுண்ணாம்பும் அதை வெளியே விட்டுவிடும். சீமெந்து அடைத்துவிடும். அப்புறம் உள்சுவரில் பூஞ்சணம், உத்திரத்து நுனியில் உக்கல். கொத்திய இடத்தில் சுண்ணாம்பும் மணலும் சேர்த்துப் பூசினோம்.

எனக்கு அம்மாவின் குசினிதான் நினைவில் வந்தது. போர் முடிந்து 2010இல் முகாமிலிருந்து திரும்பி, தறப்பாளுக்குக் கீழே இருந்துகொண்டே அம்மா தன் கையால் எழுப்பிய மண்சுவர். 2014இல் நான்தான் ஆசைப்பட்டு அதற்குச் சீமெந்து பூசுவித்தேன். மூன்றாவது மாரியில் பூச்சு வயிறு தள்ளி, பலகையாய் விழுந்தது. உள்ளே களியாய் ஊறிய மண், கறையான். மேசனை ஏசினேன். அவரில் ஒரு பிழையும் இல்லை.

குரூஸ் மேசன்மார் பெயர் போனவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வசந்தம் பிறக்கப் பாரிசுக்கு நடந்தே போய்க் கட்டட வேலை செய்து, குளிர் தொடங்கத் திரும்புவார்களாம். அவர்களில் ஒருவரான மார்த்தன் நதோ பாராளுமன்றம்வரை போனவர். "ஆம்பிளையள் தூரத்தில உழைக்க, கமத்தைப் பாத்தது பொம்பிளையள். எங்கட ஊர்க்கதைதானே தம்பி" என்றார் அக்கா.

இந்த ஆவணியில் குசினிச் சுவரை மண்ணால் திரும்ப எழுப்புகிறோம். மாரிக்கு முதல் காயவேண்டும். தூவானம் படாமல் தாழ்வாரத்தை இரண்டு முழம் இறக்கப்போகிறேன். புற்றுமண்ணை ஊறவைத்து, வெட்டிய வைக்கோல் தூவி, காலால் மிதித்தேன். அம்மா ஒரு கை மண்ணை உருட்டி நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போட்டார். உருண்டை தட்டையாகப் பரவியது.

"தண்ணி கூடிப்போச்சு. இண்டைக்கு விடு, நாளைக்குத் திரும்ப மிதி" என்றார்.