கார்டிஃப்: கரியைத் தேடிப் போன மூன்று நாள்

ரயில் செவர்ன் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் போனில் சிக்னல் போனது. ஏழு கிலோமீட்டர் இருட்டு. மேலே ஆறு, கீழே நாம். 1886-ல் திறந்த சுரங்கம் இது. வெளியே வந்தால் வேல்ஸ். அக்கா பையன் அங்கே, தலைநகர் கார்டிஃப்பில், எம்.எஸ்ஸி. படிக்கிறான். "மாமா, மூணு நாள் தாராளம், ஊரு சின்னது" என்று சொல்லியிருந்தான். ஊர் சின்னதுதான். ஆனால் மூன்று நாள் போதவில்லை.

ஸ்டேஷனில் எல்லாப் பலகையும் இரண்டு மொழியில். வேல்ஷ் மொழியில் ஊர் பெயர் 'கைர்தீத்'. டாஃப் ஆற்றங்கரைக் கோட்டை என்று பொருள் சொல்கிறார்கள். "கைர்தீத்துக்கு நல்வரவு" என்று எழுதும்போது முதல் எழுத்து மட்டும் மாறிவிடுகிறது, வல்லின 'க' மெலிந்து 'ga' ஓசை ஆகிறது. பையன் இதைப் பெரிய புதிராகச் சொன்னான். நம் ஆளுக்கு இதில் என்ன புதிர்? புணர்ச்சி விதி படித்துத் திட்டு வாங்காதவர் யார்? அதிலும் நம் எழுத்தில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'க'தான், வம்பே இல்லை.

தார்ச்சாலையில் பெரிய எழுத்தில் 'அராவ்' என்று எழுதியிருக்கும். மெதுவாகப் போ என்று அர்த்தம். மூன்று நாளில் நான் உருப்படியாகக் கற்ற வேல்ஷ் சொல் அது ஒன்றுதான்.

முதலில் கோட்டை. எல்லோரும் அங்கேதான் போகிறார்கள், நானும் போனேன். ஊருக்கு நட்டநடுவே, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நிற்கிறது. உள்ளே போகும் முன் மதிலை ஒரு நிமிஷம் பாருங்கள். அடியில் ஒரு பட்டை சிவப்புக் கல் ஓடும். அதற்குக் கீழே இருப்பது ரோமானியர் கட்டியது, மேலே இருப்பது நூறு வருஷத்துக்குச் சற்று முன்பு எழுப்பியது. எது பழசு, எது புதுசு என்று பார்க்கிறவன் ஏமாறக்கூடாது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

உள்ளே புல்வெளிக்கு நடுவில் ஒரு மேடு. அதன் தலையில் பன்னிரண்டு பக்கம் கொண்ட நார்மன் கோட்டை. படி செங்குத்து, என் வயசுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. இங்கிலாந்தை வென்ற வில்லியமின் மூத்த மகன் ராபர்ட்டைச் சொந்தத் தம்பியே சிறைப்பிடித்து 28 வருஷம் அடைத்து வைத்திருந்தார். 1134-ல் அவர் செத்தது இந்தக் கோட்டையில்தான். அண்ணன் தம்பி சொத்துத் தகராறு எல்லா ஊரிலும் உண்டு, இவர்கள் கொஞ்சம் அதிகம் போய்விட்டார்கள்.

ஆனால் கோட்டையின் உண்மையான கூத்து மேட்டில் இல்லை, மேற்கு மதிலை ஒட்டிய மாளிகையில் இருக்கிறது. அதற்குத் தனி டிக்கெட், வழிகாட்டியோடுதான் எல்லா அறையும் பார்க்கலாம். யோசிக்காமல் வாங்குங்கள். கோட்டையின் சொந்தக்காரரான மூன்றாவது பியூட் பிரபு ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே அப்பாவை இழந்து பட்டத்துக்கு வந்தவர். உலகத்தின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர் என்று அந்தக் காலத்தில் பேர். வில்லியம் பர்ஜஸ் என்ற கட்டடக் கலைஞரைப் பிடித்து, 1860-களின் கடைசியில் வேலையைத் தொடங்கினார். பணத்துக்குக் கணக்கு இல்லாத ஒருவரும், கற்பனைக்குக் கணக்கு இல்லாத ஒருவரும் சேர்ந்தால் என்ன ஆகும்? சுவரில் இடம் விட்டால் தானே நாம் மூச்சு விட? கிளி, குரங்கு, ராசி, கிரகம், பைபிள், தேவதைக் கதை என்று கூரை வரை ஏறிப் போயிருக்கிறது.

அரபு அறை என்று ஒன்று. அண்ணாந்து பார்த்தால் தங்க ரேக்கு ஒட்டிய மரக் கூரை, தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி அடுக்கடுக்காக இறங்குகிறது. பர்ஜஸ் 1881-ல் இறந்தபோது இந்த அறை வேலைதான் நடந்துகொண்டிருந்தது. விருந்து மண்டபத்துக் கணப்பு அடுப்பின் மேலே ஒரு குட்டிக் கோட்டை செதுக்கியிருக்கிறார்கள். போருக்குப் போகும் குதிரை வீரன், எக்காளம் ஊதுகிறவர்கள், நடுவே ஒரு சின்னக் கம்பி ஜன்னல். அதற்குள்ளிருந்து ஒரு முகம் பார்க்கிறது. அது அதே ராபர்ட். செத்து எழுநூறு வருஷத்துக்குப் பிறகும் விடுதலை கொடுக்கவில்லை, பாவம்.

இவ்வளவுக்கும் அந்தக் குடும்பம் வருஷத்தில் சில வாரம்தான் இங்கே தங்கும். "இவ்ளோ காசு எங்கேருந்து மாமா?" என்றான் பையன். வழிகாட்டி அம்மா ஒரே வார்த்தையில் சொன்னார்: நிலக்கரி. பள்ளத்தாக்குகளில் கரி, அந்த நிலத்துக்குப் பங்கு, கரியைக் கப்பலேற்ற இரண்டாவது பியூட் பிரபு 1839-ல் திறந்த துறைமுகம், அதற்குச் சுங்கம். அந்த ஒரு வார்த்தை அன்றிலிருந்து என்னை விடவில்லை. எங்கே போனாலும் கரியைத் தேட ஆரம்பித்தேன்.

வெளியே வந்து பூங்கா ஓரமாக நடந்தால் மிருகச் சுவர். சிங்கம், கரடி, ஓநாய், எறும்புதின்னி என்று மதில் மேல் கல் விலங்குகள் தாவிக் குதிக்கிற மாதிரி. முதலில் வைத்தவற்றுக்குக் கண்ணாடிக் கண். 1931-ல் சேர்த்தவற்றுக்குக் கல்லிலேயே கண். ஒவ்வொன்றாக நின்று கண்ணைப் பார்த்துக்கொண்டே போனோம். அன்று தூறல். கண்ணாடிக் கண்ணில் தண்ணீர் நின்று, ஓநாய் அழுகிற மாதிரி இருந்தது.

பசி. கார்டிஃப் மார்க்கெட் 1891-ல் கட்டியது, இரும்பும் கண்ணாடியும். அதற்கு முன் அந்த இடத்தில் சிறைச்சாலை. மெர்தர் என்ற ஊரில் நடந்த தொழிலாளர் கலவர வழக்கில் டிக் பெண்டெரின் என்ற இளம் தொழிலாளியை 1831-ல் தூக்கில் போட்டது இங்கேதான். அவர் குற்றமற்றவர் என்றுதான் வேல்ஸ் மக்கள் இன்றுவரை நம்புகிறார்கள். வாசலில் அதற்கு ஒரு பலகை, உள்ளே மீன் வாடை, வெல்ஷ் கேக் வாசனை. கேக் என்று பேர், ஆனால் ஓவனில் வைப்பதில்லை. நம் தோசைக்கல் மாதிரி கனமான கல்லில் வட்டம் வட்டமாகப் போட்டுத் திருப்பி எடுக்கிறார்கள். உள்ளே உலர்திராட்சை, மேலே சர்க்கரை. சுடச்சுடத் தின்றால் அமிர்தம், ஆறினால் சுமார். சில இடத்தில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்கவும்.

பக்கத்திலேயே ஆர்கேடுகள். கண்ணாடிக் கூரை போட்ட சந்துக் கடைத்தெரு. ராயல் ஆர்கேட் 1858-லிருந்து இருக்கிறது. 1894-ல் தொடங்கிய ஸ்பில்லர்ஸ் இசைத்தட்டுக் கடை இப்போது மார்கன் ஆர்கேடில் இருக்கிறது, உலகத்திலேயே பழசு என்கிறார்கள். ஆற்றோரம் பிரின்சிபாலிட்டி ஸ்டேடியம், 1999-ல் திறந்தது, எழுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம், மூடித் திறக்கிற கூரை. ரக்பி எனக்குப் புரியாது. வெளியே நின்று ஒரு போட்டோ, அவ்வளவுதான். மேட்ச் நாளில் மட்டும் போய்விடாதீர்கள், ஸ்டேஷனுக்குள் நுழையவே வரிசை என்றான் பையன்.

இரண்டாம் நாள் துறைமுகப் பக்கம். பஸ்ஸில் பத்து பவுண்டு நோட்டை நீட்டினேன். மிச்சம் தரமாட்டார்களாம். டிரைவர் கண்ணாடியைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். பையன் கார்டைத் தட்டி மானத்தைக் காப்பாற்றினான்.

கார்டிஃப் பே இப்போது ஏரி. முன்பெல்லாம் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை உள்ளே வந்து, போகும்போது சேற்றை விட்டுப் போகும். 1999-ல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான தடுப்பணை கட்டி, சுமார் 200 ஹெக்டேர் நன்னீராக்கிவிட்டார்கள். கரையில் மில்லேனியம் சென்டர், 2004-ல் திறந்த கலை அரங்கம். பலகைக் கல்லும் வெண்கல நிற உலோகமும். நெற்றியில் வேல்ஷிலும் ஆங்கிலத்திலும் கவிஞர் க்வினெத் லூயிஸ் எழுதிய வரிகள். அந்த எழுத்துகளே ஜன்னல்கள். உள்ளே மாடியில் நின்றால் ஓர் எழுத்து வழியாகக் கடலைப் பார்க்கலாம்.

எதிரே செனெத், வேல்ஸ் பாராளுமன்றம். ரிச்சர்ட் ரோஜர்ஸ் வடிவமைத்து 2006 மார்ச் 1 அன்று திறந்தது. விமான நிலையம் மாதிரி பெல்ட்டைக் கழற்றிச் சோதித்துவிட்டு, ஓசியில் உள்ளே விடுகிறார்கள். அலை அலையான மரக் கூரை நடுவில் புனல் போலக் குவிந்து கீழே இறங்குகிறது. அந்தப் புனலுக்கு நேர் கீழேதான் சபை. நாம் மேலிருந்து கண்ணாடி வழியே அவர்கள் தலையைப் பார்க்கலாம். ஜனங்கள் மேலே, பிரதிநிதிகள் கீழே. வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் சிவப்புக் கட்டடம். பியர்ஹெட். 1897-ல் துறைமுகக் கம்பெனிக்காகக் கட்டியது. வடிவமைத்த வில்லியம் ஃப்ரேம், பர்ஜஸிடம் வேலை பார்த்தவர். சுடுமண் முகப்பில் ஒரு வாசகம் இருக்கிறது: நீராலும் நெருப்பாலும். இரண்டையும் சேர்த்தால் நீராவி. நீராவிக்குக் கரி. ஊரில் நான் பார்த்த இடங்களிலேயே காசு எங்கிருந்து வந்தது என்று முகத்திலேயே எழுதி வைத்திருந்தது இது ஒன்றுதான்.

பக்கத்துத் தெருக்கள் பியூட்டவுன், பழைய டைகர் பே. கப்பலுக்குக் கரி அள்ளிப் போட்ட சோமாலியர், ஏமனியர், மேற்கிந்தியர், நார்வேக்காரர் என்று பல தேசத்து ஆட்கள் குடியிருந்த இடம். பாடகி ஷெர்லி பேஸி பிறந்த பேட்டை. நார்வே மாலுமிகளின் வெள்ளை மரத் தேவாலயம் ஏரிக்கரையில் இருக்கிறது. எழுத்தாளர் ரோல்ட் டால் ஞானஸ்நானம் பெற்றது அந்தத் தேவாலயத்தில்தான். ஆனால் பழைய தெருக்களில் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டார்கள். 1952-ல் மஹ்மூத் மத்தான் என்ற சோமாலிய மாலுமியை இந்த ஊர்ச் சிறையில் செய்யாத கொலைக்காகத் தூக்கிலிட்டார்கள். 1998-ல் தீர்ப்பை ரத்து செய்தார்கள். இந்தப் பேட்டையில் பிறந்து வேல்ஸின் முதல் கறுப்பினத் தலைமை ஆசிரியை ஆன பெட்டி கேம்பெல்லுக்கு ஸ்டேஷன் பக்கத்தில் 2021-ல் சிலை வைத்தார்கள். வந்த அன்று கவனிக்காமல் கடந்து போயிருக்கிறேன். திரும்பி வந்து பார்த்தேன்.

மழை வலுத்தது, குடை பின்பக்கம் மடங்கி உயிரை விட்டது. ஓசியில் ஒதுங்க நல்ல இடம் தேசிய அருங்காட்சியகம். ரெனுவாரின் நீல உடைப் பெண் அங்கே இருக்கிறாள், 1874-ல் வரைந்தது. முகத்தைவிட அந்த நீலம்தான் பேசுகிறது. கிட்டே போனால் ஒரே நீலம் இல்லை, பத்துப் பதினைந்து நீலம். க்வெண்டொலின் டேவிஸ் என்ற சீமாட்டி 1913-ல் வாங்கியது. அவரும் தங்கை மார்கரெட்டும் சேர்த்த படங்கள்தான் இந்த மியூசியத்தின் உயிர். மோனே, செசான் எல்லாம் அவர்கள் கொடுத்தவை. அவர்களுடைய தாத்தா யார்? மரம் அறுக்கும் கூலியாகத் தொடங்கிய டேவிட் டேவிஸ். கரிச் சுரங்க முதலாளி ஆனார். பியூட் துறைமுகத்தில் கட்டணமும் காத்திருப்பும் தாங்காமல், 1889-ல் பக்கத்து ஊர் பேரியில் போட்டித் துறைமுகம் திறந்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர்.

1913 என்ற வருஷத்தை மனசில் குறித்துக்கொண்டேன். கார்டிஃப்பிலிருந்து கரி ஏற்றுமதி உச்சத்தைத் தொட்டதும் அதே வருஷம், ஒரு கோடி டன்னுக்கு மேல். அன்று ராத்திரி பையனிடம், "இந்த ஊர்ல கரிய எங்கயாவது பாத்திருக்கியா?" என்றேன். யோசித்துவிட்டு, "பார்பெக்யூவுக்கு வாங்கினோம் மாமா, அது அடுப்புக்கரி" என்றான்.

மூன்றாம் நாள் செயின்ட் ஃபாகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகம் போவதாகத் திட்டம். வேல்ஸ் முழுவதிலுமிருந்து நாற்பதுக்கு மேல் பழைய வீடுகளைக் கல் கல்லாகப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அதைத் தவறவிடாதீர்கள். நாங்கள் அதை விட்டுவிட்டு கேர்ஃபிலிக்கு ரயிலேறி, அங்கிருந்து பஸ்ஸில் செங்கெனித் போனோம். பையனுக்கு முகம் சரியில்லை. "அங்க என்ன மாமா இருக்கு?"

பெரிதாக ஒன்றும் இல்லைதான். மலைச்சரிவில் வரிசை வீடுகள், ஒரு கடை, ஒரு பள்ளி. 1913 அக்டோபர் 14 காலையில் இங்கே சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளிகள், மீட்கப் போன ஒருவர். பிரிட்டன் வரலாற்றிலேயே இவ்வளவு பேர் செத்த சுரங்க விபத்து வேறில்லை. விசாரணை எல்லாம் முடிந்து சுரங்க மேலாளருக்குப் போட்ட அபராதம் 24 பவுண்டு. (இது டேவிஸ் குடும்பத்துச் சுரங்கம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

நூறாவது ஆண்டில் திறந்த நினைவுத் தோட்டம் ஒன்று இருக்கிறது. நடுவில் வெண்கலச் சிலை: ஒருவர் தள்ளாடுகிறார், இன்னொருவர் தாங்குகிறார். சுற்றுச் சுவரில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஓடு. பையன் படித்துக்கொண்டே போனான். ஜோன்ஸ், எவன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ், மறுபடி டேவிஸ். "எல்லாம் ஒரே குடும்பமா?" என்றான். வேல்ஸில் டேவிஸ் என்பது நம் பக்கத்து முருகன் மாதிரி, தெருவுக்கு நாலு பேர். ஆனால் அப்பா மகன், அண்ணன் தம்பி என்று போனவர்களும் உண்டு. பதினான்கு வயசுப் பையன்களும் உண்டு.

அவன் ஒரு ஓட்டின் முன் நின்றுவிட்டான். ஈரத்தில் பாசி படிந்திருந்தது. கட்டை விரலால் துடைத்துவிட்டு விரலைப் பார்த்தான். பச்சையாக இருந்தது. கீழே இறங்கும் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.