தீயணைப்பு நிலைய மாதிரி: சுவர்கள் எழும் கட்டம்

ஒரு சிறுநகரத்துக்குத் தீயணைப்பு நிலையம் எப்படி அமைய வேண்டும் என்று யோசித்து, 1:50 அளவில் ஃபோம் போர்டில் மாதிரி செய்துவருகிறேன். வண்டிக்கூடம் முடிந்துவிட்டது. வண்டிக்கு 5 மீட்டர் அகலம், அதாவது அட்டையில் 10 சென்டிமீட்டர் வீதம் மூன்று தடங்கள். முன்னும் பின்னும் கதவு வைத்திருப்பதால், திரும்பும் வண்டி பின்வழியாக நுழைந்து சாலையைப் பார்த்தே நிற்கும். ரிவர்ஸ் எடுக்க வேண்டியதில்லை.

சிக்கல் அடுத்த சுவரில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்எஃப்பிஏ) வகுத்த 1710 தரநிலை, தீ அழைப்பு வந்ததும் புறப்பட 80 விநாடிதான் தருகிறது. அதற்கு ஓய்வறை வண்டிக்கு அருகில் இருக்க வேண்டும். ஆனால் டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. 2022இல் தீயணைப்புப் பணியையே அந்தப் பட்டியலில் சேர்த்தது. நம்மைக் காப்பாற்ற ஓடுகிறவர்கள் தூங்கும்போது அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது. அதற்கு ஓய்வறை தள்ளி இருக்க வேண்டும். இந்த இழுபறியைத் தீர்ப்பதுதான் முழு வேலையும்.

முதலில் ஓய்வறைகளை மாடியில் வைத்துப் பார்த்தேன். இடம் மிச்சமாகிறது, 1878இல் சிகாகோ வீரர் டேவிட் கென்யன் அறிமுகப்படுத்திய சறுக்குக் கம்பத்தையும் வைக்கலாம். ஆனால் கம்பம் இறங்கும் துளை வழியாகவே புகையும் ஏறும். அரைத் தூக்கத்தில் இறங்குபவருக்குக் கணுக்கால் முறியும் அபாயமும் உண்டு. ஆகவே தரைத்தளத்துக்கே கொண்டுவந்து, நடுவில் இரு முனையிலும் கதவுள்ள ஒரு சிறு நடையை அமைத்தேன். கட்டிலிலிருந்து வண்டி வரை நூல் பிடித்து அளந்தால் 52 சென்டிமீட்டர். நிஜத்தில் 26 மீட்டர். வேகமாக நடந்தாலே 20 விநாடிக்குள் எட்டிவிடலாம், மீதி நேரம் உடை மாட்டுவதற்கு.

வண்டிக்கூடத்தில் ஊதுபத்தி கொளுத்திவைத்துச் சோதித்தேன். இரண்டு கதவுகளையும் ஒருசேரத் திறந்தால் புகை ஓய்வறைக்குள் நுழைந்தது. ஓய்வறைப் பக்கம் பழைய கணினி விசிறியை மெதுவாக ஓடவிட்டதும் கூடத்திலேயே நின்றது. நிஜக் கட்டடத்துக்கு இது கணக்காகாது. ஆனாலும் ஓய்வறையில் காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டியதன் காரணம் கண்ணெதிரே தெரிந்தது. வண்டியின் புகைபோக்கியில் மாட்டி உறிஞ்சும் குழாய் எப்படியும் தேவை.

தீயிலிருந்து திரும்புபவர்களுக்கு வழி வேறு: உடை துவைக்கும் அறை, குளியலறை, அதன் பிறகே உள்ளே. அழுக்குப் பகுதித் தரைக்குச் சிவப்பும், இடைவழிக்கு மஞ்சளும், தூய பகுதிக்குப் பச்சையும் பூசிவிட்டேன். பாதுகாப்பு உடைகளைத் தொங்கவிடும் அறைக்குச் சன்னலே இல்லை. வெயில் பட்டால் அந்தத் துணி வலுவிழக்கும்.

பொதுக் கூடத்தில் வரிசைக் கட்டில்களுக்குப் பதிலாகத் தனியறைகள், மேற்கு வெயில் படாத பக்கமாக. சமையலறையை நடைக்கு மிக அருகில் வைத்திருக்கிறேன்; மணி அடித்ததும் அடுப்புக்கான எரிவாயு தானாக நிற்க வேண்டும்.

அடுத்தது, தீயில் தண்ணீர் பாய்ச்சும் நெகிழ்குழாய்களை உலர்த்தும் கோபுரம். 30 மீட்டர் குழாயை நடுவில் மடித்துத் தொங்கவிட 15 மீட்டருக்குச் சற்று மேல் உயரம் வேண்டும். மாதிரியில் 32 சென்டிமீட்டர். ஏணிப் பயிற்சிக்கும் உதவும் வகையில் வெளிச்சுவரில் சன்னல்கள் வெட்டப் போகிறேன்.