19-ஆம் எண் எச்சரிக்கை

அமெரிக்காவில் விற்கிற ஹேண்ட் பிளெண்டர் ஒன்றுக்குச் சென்னையில் உட்கார்ந்து கையேடு எழுதினேன். முதல் வரைவில் 11 எச்சரிக்கைகள். வக்கீல்களிடம் போய்த் திரும்பியபோது 37. குளிக்கும்போது பயன்படுத்தாதீர்கள், பெயிண்ட் கலக்காதீர்கள் என்றெல்லாம் சேர்ந்திருந்தன. அரைப்பது எப்படி என்பதற்கு மிஞ்சியது இரண்டு பக்கம்.

ஒரு சொல்லுக்காகவே இரண்டு நாள் இழுத்தது. அங்குள்ள தரவிதிப்படி, கவனிக்காவிட்டால் சாவோ படுகாயமோ நிச்சயம் என்றால் 'டேஞ்சர்', நேரக்கூடும் என்றால் 'வார்னிங்', சின்னக் காயம் என்றால் 'காஷன்'. எதைப் போடுவது என்று பேசும்போது, சமையலறையில் நிற்கிற ஆள் யார் நினைவிலும் இல்லை. நீதிமன்றத்தில் இந்தப் பக்கத்தைக் கையில் வாங்கிப் பார்க்கப்போகிற ஜூரிதான், அதாவது அங்கே வழக்கில் முடிவு சொல்கிற பொதுமக்கள் குழுதான், எங்கள் வாசகர்.

எங்கள் ஆபீசில் மெக்டொனால்ட்ஸ் காப்பி வழக்கு நிரந்தர நகைச்சுவை. "காப்பி சுடும்னு தெரியாதா?" நானும் சிரித்திருக்கிறேன். அப்புறம்தான் விவரம் படித்தேன். 1992-இல் அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில் 79 வயது மூதாட்டியின் மடியில் கொட்டிய காப்பி 80 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு. தோல் ஒட்டு சிகிச்சை வரை போயிற்று. அவர் முதலில் கேட்டது 20,000 டாலர்; கம்பெனி தர முன்வந்தது 800. அதற்கு முந்தைய பத்து வருடங்களில் அதே மாதிரி 700-க்கும் மேல் புகார்கள். 1994-இல் ஜூரி அவர்மேலும் 20 சதவீதத் தவறு என்றது. ஆனாலும் தண்டத்தொகையாக 27 லட்சம் டாலர் விதித்தது. நீதிபதி அதை 4,80,000 ஆகக் குறைத்தார். கோப்பையில் இருந்த எச்சரிக்கை எழுத்து சிறியது என்பதும் பேசப்பட்டது. எங்கள் தொழில் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி விஷயத்தை மட்டும்தான். சூட்டை விட்டுவிட்டோம்.

நம் ஊர்ச் சட்டமும் இதைத் தொடுகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சரியான குறிப்போ எச்சரிக்கையோ இல்லாவிட்டால் தயாரிப்பாளர் பொறுப்பு. எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தைச் சொல்லாததற்குப் பொறுப்பில்லை என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. எது எல்லோருக்கும் தெரிந்தது? அதைத் தீர்மானிக்கிற தைரியம் எந்த வக்கீலுக்கும் வராது. அதனால் எல்லாமே பட்டியலில் ஏறிவிடும்.

சரி, பிளெண்டருக்கு வருவோம். அதில் உண்மையான ஆபத்து ஒன்றுதான். பிளேடில் சிக்கியதை ஒரு கை விரலால் எடுக்கும்போது, பிடித்திருக்கிற மற்ற கை சுவிட்சை அழுத்திவிடும். 'முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்' என்கிற வரி 19-ஆவதாகக் கிடந்தது. அதை முதலில் தடித்த எழுத்தில் போடலாமா என்று கேட்டேன்.

"ஒன்றை மேலே தூக்கினால் மற்ற 36-ம் முக்கியமில்லை என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே" என்றார் வக்கீல், போனில், பொறுமையாகத்தான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த மாடலுக்கும் நானே எழுதினேன். மொத்தம் 41. அந்த வரி 22-க்கு இறங்கியிருந்தது.