கிறுகிறுப்பு தராத மாத்திரை

எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில், மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவனுக்கு, ஆளின் பெயரைவிட அவர் மாத்திரை போடும் நேரம்தான் முதலில் ஞாபகம் வரும். அந்தக் கூட்டில் எஃபவிரென்ஸ் என்ற மருந்து இருந்த காலத்தில் அநேகமாக எல்லோருக்கும் ஒரே நேரம்தான்: ராத்திரி, படுக்கப் போகும்போது. போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் தலை கிறுகிறுக்கும், படுத்தால் கலர் கலராகக் கனவு வரும். எண்ணெய்ப் பலகாரத்தோடு போட்டால் மருந்து ரத்தத்தில் கூடுதலாக ஏறி, கிறுகிறுப்பும் கூடும். இரவு லாரி ஓட்டும் ஒருவர், விடிந்து வண்டியை ஓரங்கட்டிய பிறகுதான் போடுவார்.

அப்புறம் அந்த இடத்துக்கு டோலுடெக்ராவிர் வந்தது. கூட இருந்த மற்ற இரண்டு மருந்துகள், டெனோஃபோவிரும் லாமிவுடினும், அப்படியே இருக்க, 600 மில்லிகிராம் எஃபவிரென்ஸுக்குப் பதில் வெறும் 50 மில்லிகிராம். எந்த நேரத்திலும் போடலாம், சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். ஜனங்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தோம். சில வாரம் கழித்து அந்த லாரிக்காரர் வந்து, “ஒண்ணுமே பண்ணலையே தம்பி, மருந்து வேலை செய்யுதா இல்லையா?” என்றார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய நாளிலிருந்து வந்த பல மருந்துகளும் உடம்பில் தடயம் வைத்தவைதான். ஸ்டாவுடின் கன்னத்தை ஒட்டவைத்தது, கால் எரிச்சல் கொடுத்தது. ஜிடோவுடின் சிலருக்கு ரத்தத்தைக் குறைத்தது. தொந்தரவு கொடுத்தால்தான் மருந்து என்று பழகிவிட்டது. சும்மா இருக்கும் மருந்தை நம்ப, ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று சொல்லும் வைரல் லோட் ரிசல்ட்டைத்தான் காட்ட வேண்டியிருந்தது.

உள்ளே நடப்பது இதுதான். எச்.ஐ.வி. தன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் செல்லின் டி.என்.ஏ.வோடு ஒட்டுப்போட்டுக்கொள்ளும். மாற்றும் வேலையை டெனோஃபோவிரும் லாமிவுடினும் தடுக்கின்றன. ஒட்டுப்போடும் நொதிக்குப் பெயர் இன்டெக்ரேஸ். அந்த நொதியின் நடுவில் உள்ள மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு டோலுடெக்ராவிர் அதை முடக்குகிறது. ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதை எந்த மாத்திரையாலும் பிரிக்க முடியாது. நிறுத்தினால் வைரஸ் திரும்புவது அதனால்தான்.

உலோகத்தைப் பிடிக்கும் இதே குணம்தான் வயிற்றுக்குள் வினையாகிறது. நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடித்தால் அதிலுள்ள மெக்னீசியத்தோடும் அலுமினியத்தோடும் டோலுடெக்ராவிர் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், ரத்தத்துக்குப் போகாது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் அப்படித்தான். இவற்றுக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் பின்னாலோ ஏ.ஆர்.டி. மாத்திரையைப் போட வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் மட்டும், சாப்பாட்டோடு என்றால், ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சேர்த்தே போட்டாலும் பரவாயில்லை. ஒமெப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரைகளால் தொல்லை இல்லை. ஜனங்களுக்கு இரண்டும் ‘கேஸ் மருந்து’ என்பதால் நான் பாட்டிலையே எடுத்து வரச் சொல்வேன்.

கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் முக்கியம், இரும்புச்சத்து மாத்திரை அன்றாடம் உண்டல்லவா. 2018இல் போட்ஸ்வானாவிலிருந்து, டோலுடெக்ராவிரால் குழந்தையின் முதுகுத்தண்டு பாதிக்குமோ என்று ஒரு எச்சரிக்கை வந்தது. மேலும் தகவல் சேரச் சேர அந்த ஆபத்து மிகச் சிறியதாகத் தெரிந்தது. 2019இல் பெண்கள் உட்பட எல்லோருக்கும் இதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. எடை கூடுவது மட்டும் உண்மை. அதைப் பற்றி எங்களிடம் குறைசொன்னவர்கள் குறைவு. இளைத்துப்போனால் தெருவே சந்தேகமாகப் பார்த்த காலத்தைக் கண்டவர்கள் அல்லவா.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு டோலுடெக்ராவிரால் அதன் அளவு ரத்தத்தில் ஏறும் என்பதால், பொதுவாக நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் டாக்டர் பார்த்துக்கொள்வார். டி.பி.க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால், 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் மட்டும் இன்னொன்று. “நோய் முத்திப்போச்சா சார்?” என்று பயந்து கேட்பார்கள். இல்லை, ரிஃபாம்பிசின் இந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடுகிறது, அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இரண்டாவது.

ஆகவே இப்போதெல்லாம் ‘எத்தனை மணிக்குப் போடுறீங்க’ என்பதோடு நிறுத்துவதில்லை, ‘கூட என்ன சாப்பிடுறீங்க’ என்றும் கேட்கிறேன். “வேற மருந்தே கிடையாது சார்” என்று ஒரு அக்கா அடித்துச் சொன்னார். பைக்குள் சித்தா பிரிவில் வாங்கிய அயச் செந்தூரமும் சங்கு பற்பமும் இருந்தன. ஒன்று இரும்பு, மற்றது கால்சியம். இரண்டையும் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தள்ளிவைத்து, ஏ.ஆர்.டி. மாத்திரையை ராத்திரிக்கு மாற்றி எழுதிக்கொடுத்தேன்.