உதகையில் ஒரு பசுமைக்குடிலும் இரண்டு பூக்காலங்களும்

உதகையின் பூக்காலம் மே மாத மலர்க் கண்காட்சியோடுதான் தொடங்குகிறது என்று சமவெளியிலிருந்து வருபவர்கள் நினைக்கிறார்கள். வீட்டில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கோ அது மாசிப் பாதியிலேயே தொடங்கிவிடுகிறது. அதற்கான விதைப்பு, தென்மேற்குப் பருவமழை தணியும் செப்டம்பரிலேயே நடந்திருக்க வேண்டும். சென்ற இரண்டு பருவங்களில் நான் செய்தவற்றையும் கெடுத்தவற்றையும் நாட்குறிப்பைப் பார்த்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், ஒரு சரிவின் அடியில் இருக்கிறது. மேகமற்ற, காற்றசையாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிட, குளிர்ந்து கனத்த காற்று மேட்டிலிருந்து வழிந்து எங்கள் தோட்டத்தில் வந்து தேங்குகிறது. மேல்வீட்டுப் புல்வெளி வெறுமனே நனைந்திருக்கும் காலையில் எங்கள் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். இதற்கு அஞ்சியே, பத்தடிக்குப் பதினாறடி அளவில், இரும்புக் குழாய்களின் மேல் 200 மைக்ரான் பாலித்தீன் விரிப்பைப் போர்த்தி ஒரு பசுமைக்குடில் அமைத்தேன்.

முதல் ஆண்டு அதைக் காற்றுப் புகாமல் மூடி வைத்ததுதான் நான் செய்த பெரும் பிழை. ஜனவரியில் நண்பகல் வெப்பம் உள்ளே 34 டிகிரியைத் தொட்டது. இரவிலோ வெளியே பூஜ்யம் என்றால் உள்ளே ஒன்றரை டிகிரி மட்டுமே இருந்தது. சாதாரண பாலித்தீன் பகல் வெப்பத்தைச் சேர்க்குமே தவிர, இரவில் மண்ணிலிருந்து எழும் வெப்பக் கதிர்களை எளிதாக வெளியே விட்டுவிடும் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. கூரையின் உட்புறம் கோத்து நின்ற நீர் விடியலில் இலைகளின் மேல் சொட்டியது. நாற்பது சினரேரியா பூச்செடி நாற்றுகளில் இருபத்தாறு, சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்து அழுகிப் போயின.

பூங்காவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பக்கத்துத் தெரு அண்ணன் வந்து பார்த்தார். "ஏம்மா, சாயங்காலம் தண்ணி ஊத்திட்டுக் கதவச் சாத்துனா, பூஞ்சணம் வராம வேற என்ன வரும்?" என்று கேட்டுவிட்டு, பக்கவாட்டு விரிப்பைத் தாமே சுருட்டிக் கட்டினார்.

இரண்டாம் ஆண்டு அவர் சொன்னபடியே செய்தேன். காலை பத்து மணிக்குள் தண்ணீர் விடுவது, அதையும் இலையில் படாமல் விடுவது, ஒன்பது மணி முதல் மூன்றரை வரை பக்கங்களைத் திறந்து வைப்பது, தொட்டிகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விடுவது என்பவையே முக்கியமான மாற்றங்கள். கறுப்பு வண்ணம் பூசிய 200 லிட்டர் பீப்பாய்கள் இரண்டில் நீர் நிரப்பி உள்ளே வைத்ததில் இரவு வெப்பம் இன்னும் ஒரு டிகிரி கூடியது. அதற்காக அவை அடைத்துக்கொண்ட இடத்தை நினைத்தால் அவ்வளவு ஆதாயமில்லை. ஆயினும் முப்பத்தாறு சினரேரியாக்களில் நான்கு மட்டுமே வீணாயின. அசுவினி மட்டும் இரண்டு முறை வந்தது. வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு அடங்கியது. மார்ச் முதல் வாரத்தில் நீலமும் ஊதாவும் வெள்ளை வளையமுமாக அவை ஒருசேர மலர்ந்தபோது, குடிலுக்குள் ஒரு நாற்காலியைப் போட்டுக் காலைத் தேநீரை அங்கேயே குடிக்கத் தொடங்கினேன்.

ரனுன்குலஸ் என்னும் பூச்செடியின் கிழங்குகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான்கு மணி நேரம் ஊறவைத்து, நகங்கள் போன்ற பகுதி கீழ்நோக்கி இருக்குமாறு நட்டேன். முளைப்பதற்கு முன் ஈரம் மிகுந்ததால் முப்பதில் பதினொன்று அழுகின.

வெளித்தோட்டத்தில் என் அறியாமைக்கு இரையானவை பேன்சிச் செடிகள். உறைபனி விழுந்த விடியலில் அவை வெந்த கீரைபோல் துவண்டு கிடந்ததைப் பார்த்து, செத்துவிட்டன என்று நான்கைப் பிடுங்கி எறிந்தேன். மற்றவற்றைப் பிடுங்க நேரமில்லாமல் போனது நல்லதாயிற்று. வெயில் ஏறி இலையின் உறைவு இளகியதும் அவை நிமிர்ந்து நின்றன. பெட்டூனியா நாற்றுகளுக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை. அவற்றைப் பூங்காவில் செய்வதுபோல் மிலார் செடிகளை வெட்டி வந்து மாலைதோறும் மூடினேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்வீட் பீ என்னும் பூங்கொடி. கடினத் தோலுடைய விதைகளை ஓரிரவு ஊறவைத்து அக்டோபரில் குடிலுக்குள் விதைத்து, மூன்றாவது இணை இலை வந்ததும் நுனியைக் கிள்ளி, பிப்ரவரியில் மூங்கில் பந்தலடியில் நட்டேன். காய் பிடித்துவிட்டால் கொடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் ஒன்றுவிட்டு ஒருநாள் பூக்களை வெட்டியே ஆகவேண்டும். இவ்வளவு மணமுள்ள ஒரு கடமை வேறு எந்தச் செடியிடமும் எனக்கு வாய்த்ததில்லை. ஏப்ரல் முழுவதும் சமையலறைச் சன்னலில் ஒரு செம்பு நிறைய அவை இருந்தன. தாளிக்கும்போது மட்டும் செம்பைக் கூடத்துக்கு மாற்றிவிடுவேன். மே பிறந்ததும் ஒரு கொடியை வெட்டாமல் விட்டேன். அதன் காய்கள் இப்போது பழுப்பேறி, வெயிலில் ஒவ்வொன்றாக வெடிக்கின்றன; தெறிக்கும் விதைகளைப் பிடிக்கப் பழைய மல்துணி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன்.