ஞாயிற்றுக்கிழமை கப்பல், மூக்கில் குச்சி எப்போது?

இது 2022 ஜூலை மாதக் கதை. வருகிற 24ஆம் தேதி மயாமியிலிருந்து உல்லாசக் கப்பல் கிளம்புகிறது. பெட்டிகூடக் கட்டியாயிற்று. கோவிட் சோதனை வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

ஜூன் 12 முதல் விமானத்தில் அமெரிக்கா வருவோருக்குச் சோதனை கிடையாது என்றானபோதே, கப்பலுக்கும் அதுதான் என்று இவர் அடித்துச் சொன்னார். இல்லையாம். தடுப்பூசி போட்டிருந்தாலும், ஏறுவதற்கு முந்தைய 2 நாட்களுக்குள் சோதனை எடுக்க வேண்டுமாம். அது 48 மணி நேரமா, நாள் கணக்கா? கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்த்தபோதுகூட அம்மா இவ்வளவு கணக்குப் போட்டதில்லை. (நாள் கணக்குதான். வெள்ளியன்று எப்போது எடுத்தாலும் செல்லும்.)

சரியென்று, கணினித் திரையில் ஓர் ஆள் மேற்பார்வையிட, வீட்டிலேயே எடுக்கும் சோதனைப் பெட்டி நான்கு வாங்கினோம். முகமும் குச்சியும் கேமராவில் தெரிய வேண்டும். சோதனை அட்டை 15 நிமிடம் அசையக் கூடாது. அம்மாவை உட்காரவைத்து ஒத்திகையே பார்த்தேன்.

"மூக்குத்தியைக் கழற்ற வேண்டுமா?"

திங்களன்று அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி, கப்பல்களுக்கான தன் கோவிட் திட்டத்தையே முடித்துக்கொண்டது. இனி அந்தந்த நிறுவனம் வைத்ததுதான் சட்டம். எங்கள் நிறுவனத்திடமிருந்து காலையில் ஒரு மின்னஞ்சல்: விதிகள் மாறுகின்றன. மாலையில் இன்னொன்று: மறு அறிவிப்பு வரை பழைய விதியே. தொலைபேசியில் 50 நிமிடம் இசை கேட்டதுதான் மிச்சம். கடைசியில் வந்த பெண், "எதற்கும் எடுத்துவிடுங்கள்" என்றார்.

எதற்கும்!

வெள்ளி காலை 9 மணிக்கு எடுக்கிறோம். மூக்குத்தியைக் கழற்றப் போவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார்.